கோடு போட்ட பிறகு கூப்பிடுகிறார்கள்

(கடற்கரை மாவட்டம் ஒன்றில் நடந்த மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘கடல்சார் பாதுகாக்கப்பட்ட பகுதிகளைத் திட்டமிடுவதில் பொதுமக்கள் பங்கேற்பு’. பார்த்ததும் கொஞ்சம் பயந்துதான் போனேன். அரசாங்கக் கோப்பு மேல ஒட்டியிருக்கிற துண்டுச் சீட்டு மாதிரி இருக்கு. பிறகு திரும்பத் திரும்பப் படித்தபோது அதில் ஒரு சொல் நமக்கு ரொம்ப நாள் பழக்கமானது என்று தோன்றியது. ‘பொது’ என்கிற சொல். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு. இந்தச் சொற்களெல்லாம் நம் தாத்தா பாட்டிக்கு என்ன பொருளைத் தந்தன? ‘உனக்கு இல்லை’ என்பதுதான் பொருள். பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது, பொதுக்குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று. மகத் நகராட்சி 1924இல் அதை ஏற்றுக்கொண்டது. அதே 1924இல் இங்கே சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். காகிதத்தில் எல்லாம் சரி. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் மக்களோடு போய் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளினபோதுதான் தெரிந்தது அந்த ஊர் அகராதியில் ‘பொது’ என்றால் யார் என்று. அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு 1937வரை நடந்தது. ஆகவே ‘பொதுமக்களைக் கலந்தாலோசித்தோம்’ என்று யாராவது ஒரு அதிகாரி சொன்னால், நமக்கு உடனே கேட்கத் தோன்ற வேண்டிய கேள்வி: எந்தப் பொது?

நான் போயிருந்த ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். காலை பதினோரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். கரையில் மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடையோடு பஸ் பிடிக்கிற நேரம் அது. மேடையில் பெரிய வரைபடம். அதில் கோடு ஏற்கனவே போட்டு, உள்ளே பச்சை அடித்தாயிற்று. கனத்த அறிக்கை ஒன்று மேசை மேல் இருந்தது, இங்கிலீஷில். தமிழ்ச் சுருக்கம் என்று எட்டுப் பக்கம் கொடுத்தார்கள். அந்தத் தமிழுக்கு இங்கிலீஷே தேவலாம். ‘மைய மண்டலம்’, ‘இடைத்தாங்கு மண்டலம்’ என்று போகிறது. ஒரு பெரியவர் எழுந்தார். “அய்யா, மண்டலம் கிடக்கட்டும். இந்தப் பச்சைக்குள்ள நான் வலை விடலாமா, கூடாதா?” என்று கேட்டார். “உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது” என்று பதில் வந்தது. அவர் சொன்னது கருத்தே இல்லை, கேள்வி. அதைக்கூட அவர்கள் பதிவேட்டில் கருத்தாகத்தான் எழுதிக்கொண்டார்கள்.

மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்கள், படகு உரிமையாளர்கள், இரண்டு மூன்று தொண்டு நிறுவனத்தார். வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் பெண்கள். அந்தக் குப்பத்துக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், நம்ம சேரி ஒன்று இருக்கிறது. கரைவலை இழுக்கக் கூலிக்குப் போகிறவர்கள், பனிக்கட்டிப் பெட்டி தூக்குகிறவர்கள், கழிமுகத்தில் கையால் நண்டும் இறாலும் தடவிப் பிடிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தர்கூட வரவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவங்க மீனவங்க இல்லையே சார்” என்றார் ஒரு ஊழியர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கையிலிருந்த பட்டியல் அப்படி.

இது எங்கோ ஒரு மண்டபத்தில் நடந்த சின்ன விஷயம். மன்னார் வளைகுடாவுக்கு வந்தால் இதே விஷயம் பெரிய அளவில் கிடக்கிறது.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை, ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளத்தில், 21 தீவுகள். 1986இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. அங்கே பவளப்பாறை உண்டு, கடற்புல் படுகை உண்டு, ஆவுளியா உண்டு, ஆமை உண்டு. காப்பாற்ற வேண்டுமா என்றால் கட்டாயம் காப்பாற்ற வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. 21 தீவு என்று எழுதுகிறோமே, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் என்று வருடக்கணக்காகப் பவளம் வெட்டியதன் விளைவு அது. கடப்பாரை பிடித்தது கூலிக்காரன் கை. வண்டி வண்டியாக வாங்கினவர்கள் யார் என்பதை எந்தத் தகவல் பலகையும் சொல்வதில்லை. கரையோர மக்கள்தான் பவளத்தை அழித்தார்கள் என்று மட்டும் போட்டிருக்கும்.

தீவுகளில் ஒன்றுக்கு நல்லதண்ணித் தீவு என்று பெயர். இன்னொன்று உப்புத்தண்ணித் தீவு. இந்தப் பெயர்களை வைத்தது வனத்துறையா? ஊற்றுத் தோண்டிக் குடித்துப் பார்த்தவர்கள்தானே வைத்திருக்க முடியும். குருசடை, மனோலி, முள்ளி, தலையாரி, வாலை, காசுவார் என்று எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. தண்ணீருக்கடியில் இருக்கிற பார்களுக்கும் தனித்தனிப் பெயர். தூத்துக்குடிக் கடலில் தொலையிரம் பார் என்ற முத்துப்பாரின் பெயர் வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களிலேயே இருக்கிறது. பெயர் வைத்தவன் அங்கே வாழ்ந்திருக்கிறான், தங்கியிருக்கிறான், வலை உலர்த்தியிருக்கிறான். திட்டம் போட்ட அன்றைக்கு மட்டும் அந்த இடம் ஆளில்லாத தீவாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். மாணவர்கள் இதைப் பொறுமையாகக் கேளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலில் அரசு தன் ‘கருத்தை’ அறிவிக்கும், இன்ன எல்லைக்குள் பூங்கா வரப்போகிறது என்று. பிறகு ஆட்சியர் அந்தப் பகுதியில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும். 21ஆவது பிரிவின்படி சுற்றுவட்டார ஊர்களில் உள்ளூர் மொழியில் அறிவிப்புச் செய்ய வேண்டும். உரிமை கோருகிறவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். காட்டுக்கும் நிலத்துக்கும் யோசித்து எழுதிய சட்டம் இது. நிலமென்றால் பட்டா, சிட்டா, அடங்கல் ஏதோ ஒன்றைக் காட்டலாம். கடலில் எங்க பாட்டி மூச்சடக்கி முங்கின இடத்துக்கு எந்த சர்வே எண்ணைப் போடுவது? அமாவாசைக்கு ஒரு இடம், பவுர்ணமிக்கு ஒரு இடம், வாடைக்காற்றில் ஒரு பக்கம், கச்சானில் மறுபக்கம் என்று போகிற ஒரு பெண், தன் உரிமையை இரண்டு மாதத்துக்குள் எந்தப் படிவத்தில் எழுதுவாள்? எழுதாவிட்டால் உரிமையே இல்லை என்று ஆகிறது. எழுத்துத் தெரிந்தவனுக்கே உரிமை என்கிற பழைய கதைதான்.

1991இல் ஒரு திருத்தம் வந்தது. ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பில் சரணாலயம் அறிவிக்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலன்களைப் பாதுகாக்கப் போதிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். மன்னார் வளைகுடாப் பூங்கா அறிவித்து அஞ்சு வருசம் கழித்து! அந்த ஒரு வரியையும் படித்துக் காட்ட அந்தக் கரையில் யார் இருந்தார்கள்?

1986இல் கோடு விழுந்தது. கரையில் இருந்தவர்கள் பலருக்கு அது உறைத்தது 2000ஐ ஒட்டிக் கெடுபிடி இறுகிய பிறகுதான். தீவுப் பக்கம் போனால் படகைப் பிடித்தார்கள், பாசி மூட்டையைப் பறித்தார்கள், அபராதம் போட்டார்கள். 2001 ஜூலையில் கடல் அட்டை எடுப்பதற்கு நாடு முழுக்கத் தடை வந்தது. அட்டையை முங்கி எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரு அரசாணையில் குற்றவாளிகள் ஆயின. இந்தக் கரையில் முக்குளித்துச் சங்கும் சிப்பியும் எடுப்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் கடையர்கள், அட்டவணைச் சாதிப் பட்டியலில் உள்ளவர்கள். கடல் காப்பகம் என்பது ஏதோ மீனவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்கும் தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். இராமநாதபுரம் கரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றி, காலைக் கல் கிழிக்காமல் இருக்கத் தகடோ ரப்பர் செருப்போ கட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு முங்குகிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. இதிலிருந்துதான் அகர் வருகிறது, ஆல்ஜினேட் வருகிறது. நம்ம ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுகிறார்களே அகர், அதன் பின்னால் இப்படி ஒரு பெண்ணின் மூச்சு இருக்கிறது என்று விலங்கியல் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இந்தப் பெண்கள் தடை வந்ததும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சங்கமாகக் கூடினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று தாங்களே முடிவு செய்தார்கள். இரும்பால் சுரண்டுவதை விட்டுக் கையால் பறிப்பது என்று முடிவு செய்தார்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வரும்போது, அன்றைக்கு இருந்த கணக்குப்படி அந்த 45 நாள் தாங்களும் பாசிக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். எந்த விஞ்ஞானியும் அவர்களைக் கூப்பிட்டு வகுப்பெடுத்து வந்த கட்டுப்பாடு கிடையாது இது. பறித்த இடத்தில் மறுபடி முளைக்க எத்தனை நாளாகும் என்பது பறித்த கைக்குத் தெரியும். கூடவே, எங்களைத் தொழிலாளர் என்று ஏற்று அடையாள அட்டை கொடு என்று கேட்டார்கள். மீனவர் என்றால் ஆண், மீனவர் என்றால் படகு வைத்திருப்பவர் என்று இருந்த ஒரு துறையிடம் போய், படகில்லாத பெண் நான், நானும் இந்தக் கடலின் தொழிலாளி என்று சொன்னார்கள். இவர்களுக்குத் தலைமை ஏற்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான பரிசு அது. எந்தத் தீவுப் பக்கம் போனால் குற்றம் என்று பிடித்தார்களோ, அதே தீவுகளைக் காத்ததற்கு உலகம் பரிசு கொடுக்கிறது. இந்த முரணை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி இதுதான். 1986க்கு முன்னால் ஒரு ஆறு மாதம் இந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால், 12 நாள் கணக்கும் கைப்பறிப்பும் அன்றைக்கே பூங்காவின் விதியாக ஆகியிருக்காதா?

பேசவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2002க்குப் பிறகு ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலகச் சுற்றுச்சூழல் நிதி ஆகியவற்றின் பணத்தோடு ஒரு பெரிய திட்டம் வந்தது. உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை அதை நடத்தியது. கரையோர ஊர்களில் குழுக்கள் அமைத்தார்கள், சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுத்தார்கள், மாற்றுத் தொழில் என்றார்கள். அதில் நல்லதும் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்ன பேச அழைத்தார்கள் என்று பாருங்கள். கோட்டைப் பற்றி இல்லை. கோடு போட்டாகிவிட்டது, இனி கோட்டுக்கு வெளியே எப்படிப் பிழைக்கப் போகிறாய், தையல் மிஷின் வேண்டுமா, ஆடு வேண்டுமா என்று. வீட்டை விட்டு வெளியேற்றிய பிறகு, வாசலில் எந்தப் பக்கம் உட்காருகிறாய் என்று கேட்பதற்குப் பெயர் பங்கேற்பா?

அதுவும் எல்லோருக்கும் ஒரே கோடு இல்லை. வெளிநாட்டு இனமான காப்பாஃபைகஸ் பாசியை மண்டபம் கடற்பகுதியில் வளர்க்க 1990களில் சோதனை தொடங்கியது. 2000ஐ ஒட்டி ஒரு பன்னாட்டுக் குளிர்பானக் கம்பெனி அதை வணிகமாக்கியது. அந்தப் பாசி பரவிக் குருசடைத் தீவின் பவளங்களை மூடுவதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உள்ளூர்ப் பாசியைக் கையால் பறித்த பெண் மீது வழக்கு. வெளியூர்ப் பாசி பூங்காவுக்குள் பரவியதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை! 2005 ஜூலை 2ஆம் தேதி சேதுக் கால்வாய்த் திட்டத்தை மதுரையில் தொடங்கி வைத்தார்கள். கப்பல் போகும் ஆழத்துக்குக் கடலடியைத் தோண்டுகிற திட்டம், அதே உயிர்க்கோளக் காப்பகத்தின் தலைமாட்டில். கரையோர மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எதிர்த்துச் சத்தம் போட்டார்கள். திட்டம் நிற்கவில்லை. பிறகு அது எந்தக் காரணத்துக்காக உச்சநீதிமன்றம் போய் முடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். பாசி எடுக்கும் பெண்ணின் காரணம் அந்தப் பட்டியலில் மேலே இல்லை. புராணம்தான் மேலே இருந்தது.

இப்போது நம் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவோம். இதே இந்தியப் பெருங்கடலில், தெற்கே, சாகோஸ் என்று ஒரு தீவுக்கூட்டம். பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்பு போட ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அந்தக் கலப்பில் உருவானவர்கள் சாகோஸ் மக்கள். 1965இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீசியசிலிருந்து பிரித்தது. டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வர வேண்டும் என்பதற்காக, 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கிருந்த ஏறக்குறைய 1,500 பேரையும் வெளியேற்றி மொரீசியசிலும் செஷல்சிலும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் புகையடித்துக் கொன்றார்கள். 1966இல் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய குறிப்பில் இந்த மக்களைச் சில டார்ஜான்கள் என்றும் கதையில் வரும் அடிமை ஃப்ரைடேக்கள் என்றும் எழுதியிருக்கிறார். நம்மை எழுதிய கைகள்தான் அங்கேயும் எழுதின.

அந்தக் கடலை 2010 ஏப்ரல் 1ஆம் தேதி கடல் காப்பகம் என்று பிரிட்டன் அறிவித்தது. ஆறு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அன்றைக்கு உலகத்திலேயே மிகப் பெரியது. முன்னதாகப் ‘பொதுமக்கள் கருத்து’ கேட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் ஆதரவுக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், பவளத்தையும் ஆமையையும் நேசிக்கிறவர்கள். அந்தத் தீவில் பிறந்து, அங்கே தாய் தகப்பனைப் புதைத்துவிட்டு, மொரீசியஸ் குடிசையில் இருக்கிற கிழவியின் ஒரு குரல் அந்த லட்சங்களில் எங்கே கேட்கும்? அதே ஆண்டு டிசம்பரில் விக்கிலீக்ஸ் வழியாக ஒரு அமெரிக்கத் தூதரகத் தந்தி வெளியே வந்தது. காப்பகம் வந்துவிட்டால் பழைய குடிகள் திரும்பி வருகிற கோரிக்கை நடைமுறையில் முடிந்துபோகும் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி 2009இல் பேசியதாக அதில் இருந்தது. தவறான நோக்கம் நிரூபணமாகவில்லை என்று 2018இல் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2015இலேயே சர்வதேச நடுவர் தீர்ப்பாயம், மொரீசியசின் உரிமைகளை மதிக்காமல் அறிவித்தது கடற்சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. இன்னொன்று கேளுங்கள். டியகோ கார்சியாவும் அதைச் சுற்றி மூன்று கடல் மைலும் அந்தக் காப்பகத்தில் சேராது. போர்க்கப்பல் நிற்கிற இடம் மட்டும் விலக்கு! மீன் பிடித்துத் தின்ற மக்கள்தான் இயற்கைக்கு ஆபத்து.

தென்னாப்பிரிக்காவில் த்வேசா–க்வேபே என்கிற இடத்தில் வேறு மாதிரி நடந்தது. 2000இல் அங்கே கடலில் மீன் பிடிப்பதற்கே முழுத் தடை போட்டார்கள். 2010இல் சிலரைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். அவர்கள் ‘நாங்கள் திருடவில்லை, வழிவழியாக வரும் எங்கள் வழக்குரிமை இது’ என்று கடைசிவரை நின்றார்கள். 2018இல் மேல்முறையீட்டு உச்சநீதிமன்றம் அந்த உரிமையை ஏற்று அவர்களை விடுவித்தது. தாத்தா சொல்லிக்கொடுத்த விதிகள் என்ன, எந்தக் குஞ்சை எடுக்கக் கூடாது, எந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று கூண்டில் ஏறிச் சொன்னதெல்லாம் சாட்சியமாக மாறியது. நம் பெண்களின் 12 நாள் கணக்கையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

உருப்படியாக எங்கேயுமே கேட்டதில்லையா? ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 2004இல் மண்டலங்களை மாற்றி அமைத்தார்கள். இரண்டு சுற்றாகக் கருத்துக் கேட்டார்கள், 31,500க்கும் மேல் மனுக்கள் வந்தன. முதல் சுற்றுக்குப் பிறகுதான் நகல் வரைபடம், இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அந்த நகலையும் திருத்தினார்கள். மீன்பிடிக்கக் கூடாத பகுதி ஐந்து சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 33 சதவீதமாக உயர்ந்தது. வரைபடம் மாறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதால் கோடு நகர்ந்ததா என்பதுதான் உரைகல். அங்கேயும் மனு எழுதத் தெரிந்தவனின் குரல்தான் கூடுதலாகக் கேட்டிருக்கும். பூர்வகுடிகளோடு தனியாக உடன்பாடு போட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

இனி நமக்குள் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டும். ‘மீனவ சமூகத்தைக் கலந்தாலோசி’ என்று நாம் முழக்கம் போடுகிறோம். சரிதான். அந்தச் சமூகத்துக்குள் யாரை? பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. மரபுவழி மேலாண்மை என்று அறிஞர்கள் புகழ்ந்து எழுதுகிறார்கள். நியாயமாகப் புகழ வேண்டிய அம்சங்கள் அதில் உண்டு. ஆனால் அந்தப் பாடு குறிப்பிட்ட சாதிக்குரியது. அதே ஏரிக்கரையில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளருக்கும் தலித்துக்கும் அதில் இடம் கிடையாது. நாளைக்கு ஒரு அதிகாரி வந்து ‘பாரம்பரியப் பயனாளிகளின் ஒப்புதல் பெற்றேன்’ என்று எழுதினால், அந்தச் சொல்லுக்குள் சேரி வராது. 2004 சுனாமியில் பார்த்தோமே. படகு இழந்தவனுக்குக் கணக்கு இருந்தது. படகில் கூலிக்குப் போனவனுக்கும், மீன் காயவைத்தவளுக்கும், உப்பேறிய வயலில் வேலை இழந்தவனுக்கும் கணக்கில்லை. நாகையிலும் கடலூரிலும் நிவாரண முகாமிலேயே பிரித்து உட்கார வைத்தார்கள். மீனவரும் ஒடுக்கப்பட்டவர்தான், சந்தேகமில்லை. ஒடுக்கப்பட்டவர் தனக்குக் கீழே ஒரு படி வைத்திருப்பதை அம்பேத்கர் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சை புதுக்கோட்டைக் கரையில், 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இது தேசியப் பூங்கா மாதிரி இல்லை. 2002இல் சட்டத்தில் சேர்த்த பிரிவின் கீழ் வருவது. உள்ளூர் மக்களைக் கலந்துதான் அறிவிக்க வேண்டும், உரிமைகள் தொடரும், நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு வேண்டும். முந்தையதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் குழுவில் யார் யார் என்று சட்டம் சொல்வதைப் பாருங்கள். வனத்துறை, ஊராட்சிக்கு ஒரு பிரதிநிதி, வனவிலங்குப் பாதுகாப்பில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தார் மூன்று பேர், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. மீன்வளத் துறையே இல்லை! ஆவுளியாவைக் கடல் பசு என்கிறோமே, அதனால் கால்நடைத் துறையைக் கூப்பிட்டார்களோ என்னவோ. (சிரிப்பு) நிலத்தை மனதில் வைத்து எழுதிய பிரிவை அப்படியே கடலில் இறக்கியதால் வந்த வினை. ஆனால் ‘ஊராட்சிக்கு ஒரு பிரதிநிதி’ என்கிற வரி நமக்குப் பயன்படும். ஊராட்சி என்றால் குப்பமும் சேரியும் சேர்ந்தது. கிராமசபையில் தீர்மானம் போட்டு அந்த ஒரு இடத்துக்கு யார் போவது என்று கேட்கலாம். கேட்டால் சண்டை வரும். வரட்டும்.

ஏன் இதையெல்லாம் இப்போது அவசரமாகப் பேசுகிறேன் என்றால், 2022 டிசம்பரில் மொன்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தியாவும் அதில் உண்டு. எங்கேயோ ஒரு கணினியில் கோடுகள் விழுந்துகொண்டிருக்கும். காட்டில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்று ஒன்று கிராமசபைக்குக் கொஞ்சமாவது பிடிமானம் கொடுக்கிறது. கடலுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆகவே அறிவிக்கை வந்த பிறகு மறியல் செய்வது மட்டும் நமக்குப் போதாது.

என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். அறிவிக்கை வருவதற்கு முன்பே நம் ஊர்க் கடலின் வரைபடத்தை நாமே எழுதி வைக்க வேண்டும். எந்தப் பார், என்ன பெயர், எந்த மாதத்தில் யார் போகிறார்கள், எங்கே மீன் முட்டையிடுகிறது, எங்கே நாமாகவே போகாமல் விட்டிருக்கிறோம். படகுக்காரரிடம் மட்டும் கேட்டு எழுதினால் அது பாதி வரைபடம்தான். முங்குகிற பெண்ணிடம், கழிமுகத்தில் தடவுகிறவரிடம், கரைவலைக் கூலியிடம் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துத் திண்ணையில் வைத்துக் கேட்டால் அவர்கள் பேச மாட்டார்கள். இன்னொன்று, கருத்துக்கேட்பு என்று கூப்பிட்டால் கூட்டம் நடக்கிற இடம், நேரம், மொழி மூன்றையும் நாம் மாற்றக் கேட்க வேண்டும். ஏலம் முடிந்த பிற்பகலில், சேரியிலும் ஒன்று, குப்பத்திலும் ஒன்று, முழு அறிக்கை ஒரு மாதம் முன்பே தமிழில். பச்சை அடித்த படத்தோடு வந்தால், அதைச் சுருட்டி வைத்துவிட்டு வெள்ளைத்தாள் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் கேட்டாரே, வலை விடலாமா கூடாதா என்று. பதில் எழுத்தில் வாங்காமல் மண்டபத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

நேரமாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கலந்துரையாடல் என்று போட்டிருக்கிறார்கள். பாசி எடுக்கிற அக்காக்கள் மூன்று பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாலு மணி பஸ்சைப் பிடித்தாக வேண்டுமாம். உங்க கேள்விகளை அப்புறம் வச்சுக்கலாம், அவங்களை முதல்ல பேச விடுங்க.